உயிருக்குக் கணக்கு கேட்ட டாக்டர்

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதின எல்லாருக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெயர் தெரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஃப்ரீ எனர்ஜி, இரண்டு மார்க் கேள்வி. இசிஇ நண்பர்களுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில். ஸ்பீக்கர் பாக்ஸ் செய்து பார்த்தவர்களுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர். நாலு வருஷமாக நானும் இந்தப் பெயரை ஒரு ஃபார்முலாவின் தலைப்பாகத்தான் பார்த்து வந்தேன். அவர் ஒரு டாக்டர், அதுவும் ராணுவ டாக்டர் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆச்சரியம். ஆற்றல் அழிவின்மை விதியை அவர் தேடிப் போனதே உயிர் என்றால் என்ன என்ற கேள்விக்காகத்தான் என்று தெரிந்தபோது இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் செகண்ட் இயர் படிக்கும்போது எங்க ஆச்சி இறந்துபோனாங்க. நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்து கையைப் பிடித்தபோது இன்னும் லேசாகச் சூடு இருந்தது. சாயங்காலம் தொட்டபோது இல்லை. உயிர் போயிடுச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது: போனது என்றால், என்ன போனது? எங்கே போனது? அந்த நேரத்தில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. ஆனால் இதையே ஒருத்தர் தவளைக் காலையும் கால்வனோமீட்டரையும் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அவர் கதையைச் சொல்றேன், கேளுங்க.

பிடித்தது பிசிக்ஸ், கிடைத்தது மெடிசின்

ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821 ஆகஸ்ட் 31 அன்று ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள போட்ஸ்டாமில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், தத்துவத்தில் ஊறிப்போனவர். வீட்டில் ஹெர்மன்தான் மூத்த பிள்ளை. சின்ன வயதில் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். படுக்கையில் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியே ஜியோமெட்ரி புரிந்துவிட்டது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஸ்கூலில் லத்தீன் வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் டெலஸ்கோப்பின் ரே டயகிராம் போட்டுக்கொண்டிருப்பாராம். கடைசி பெஞ்ச் மக்களே, நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார்!

படிக்க ஆசைப்பட்டது பிசிக்ஸ். அப்பாவின் சம்பளத்தில் அது நடக்காது. பெர்லினில் ராணுவத்துக்கு டாக்டர்களை உருவாக்கும் ஒரு கல்வி நிலையம் இருந்தது. அங்கே படிப்பு இலவசம், ஆனால் முடித்ததும் எட்டு வருஷம் ராணுவத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். இன்றைக்குச் சொன்னால் பாண்ட் போட்ட சீட். 1838-ல் அங்கே சேர்ந்தார். கேட்ட டிபார்ட்மென்ட் கிடைக்காமல் வேறு எதிலோ உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

அவர் பிசிக்ஸை விடவில்லை. கல்லூரி நூலகத்தில் உதவி வேலை கிடைத்தது. அங்கே இருந்த பழைய கணித, இயக்கவியல் புத்தகங்களைத் தானாகவே படித்தார். 1841-ல் டைபஸ் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாணவர் என்பதால் சிகிச்சைக்குக் காசு இல்லை. அந்தச் சமயத்தில் மிச்சமான உதவித்தொகையில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். 1842-ல் அவர் கொடுத்த ஆய்வேடு, முதுகெலும்பில்லாத உயிரினங்களின் நரம்பு இழைகளைப் பற்றியது. அந்த மைக்ராஸ்கோப் இல்லாமல் அது இல்லை.

குரு நம்பியதும் சீடர்கள் நம்பாததும்

பெர்லினில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர். அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய உடலியல் அறிஞர். முல்லர் உயிர்ச்சக்திக் கொள்கையை நம்பியவர். வைட்டலிசம் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. உயிருள்ள உடம்பில் சாதாரண பௌதிக, ரசாயன விசைகளைத் தாண்டி ஒரு தனிச் சக்தி இருக்கிறது, உடம்பைக் கட்டி ஆள்வது அதுதான், சாவில் அது மறைந்துவிடுகிறது என்பதுதான் அந்தக் கொள்கை.

சிரிக்காதீங்க. அன்றைக்கு இது மூடநம்பிக்கை இல்லை. யோசித்துப் பாருங்க: உயிரோடு இருக்கும் உடம்பு அழுகுவதில்லை. உயிர் போன இரண்டே நாளில் அழுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பொருள்கள் அதேதான். அப்படியென்றால் அதுவரை அவற்றை அழுகவிடாமல் பிடித்து வைத்திருந்தது எது? நியாயமான கேள்விதானே.

வோலர் 1828-ல் ஆய்வகத்தில் யூரியா செய்தார், அதோடு உயிர்ச்சக்திக் கொள்கை செத்துவிட்டது என்று கெமிஸ்ட்ரி புத்தகத்தில் படித்திருப்போம். உண்மையில் அப்படி நடக்கவில்லை. உயிருள்ள உடம்பில் உண்டாகும் ஒரு பொருளை வெளியில் செய்யலாம் என்பது மட்டும்தான் அதில் நிரூபணம் ஆனது. அந்தப் பொருள்களையெல்லாம் சேர்த்து ஒரு உடம்பாக நடத்துவது எது என்ற கேள்வி அப்படியே நின்றது. யூரியாவுக்குப் பிறகும் முல்லர் போன்றவர்கள் உயிர்ச்சக்தியைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் முல்லரின் மாணவர்கள் வேறு ரகம். எமில் டு புவா-ரேமோன், எர்ன்ஸ்ட் ப்ரூக்கே என்ற இருவர் 1842 வாக்கில் ஒரு சபதமே எடுத்துக்கொண்டார்கள். உடம்பில் சாதாரண பௌதிக, ரசாயன விசைகளைத் தவிர வேறு எதுவும் வேலை செய்யவில்லை என்பதைக் காட்டியே தீருவது என்பதுதான் சபதம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவர்களோடு சேர்ந்துகொண்டார். குருவை மதித்தார்கள், அவருடைய ஆய்வு முறையைக் கற்றுக்கொண்டார்கள், அவருடைய நடுநாயகமான நம்பிக்கையை மட்டும் ஏற்க மறுத்தார்கள். முல்லரும் பெரிய மனுஷர். இந்தப் பையன்களுக்குக் கதவை அடைக்கவில்லை.

பாராக்ஸில் ஒரு லேப்

1843-ல் பாண்ட் ஆரம்பித்தது. போட்ஸ்டாமில் ராணுவ டாக்டர் வேலை. வீரர்கள் தங்கும் இடத்திலேயே ஒரு சின்ன ஆய்வகம் அமைத்துக்கொண்டார்.

முதலில் அழுகுவதையும் நொதிப்பதையும் ஆராய்ந்தார். இது வெறும் ரசாயன வேலைதான் என்று தெளிவாக வந்திருந்தால் அவர் கட்சிக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படி வரவில்லை. நொதித்தலுக்கு உயிருள்ள ஏதோ ஒன்று வேண்டும் என்ற பக்கமே முடிவு சாய்ந்தது. வந்ததை வந்தபடியே 1843-ல் வெளியிட்டார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ரீடிங்கைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்யும் நாம் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கலாம். (என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.)

பிறகு தசைகளுக்கு வந்தார். தவளையின் இரண்டு கால்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் மின்சாரம் கொடுத்துத் தசையைத் திரும்பத் திரும்பச் சுருங்க வைத்தார், இன்னொன்றைச் சும்மா விட்டார். பிறகு இரண்டிலும் இருக்கும் பொருள்களைப் பிரித்து எடை போட்டார். வேலை செய்த தசையில் ரசாயன மாற்றம் நடந்திருந்தது. அதாவது, வேலை செய்யத் தசை எதையோ செலவழித்திருக்கிறது. 1845-ல் இது வெளிவந்தது.

அடுத்து சூடு. வேலை செய்யும் தசை சூடாகுமா? ரத்தம் ஓடாத, தனியாக வெட்டி எடுத்த தவளைக் காலில் தெர்மோகப்பிளைச் செருகினார். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் அளவுக்கு நுட்பமான அமைப்பு அது. தசை சுருங்கியபோது சூடு ஏறியது. அந்தச் சூடு ரத்தம் வழியாக எங்கிருந்தோ வந்தது இல்லை, தசைக்குள்ளேயே பிறந்தது.

இப்போது ஹெல்ம்ஹோல்ட்ஸின் முக்கியமான யோசனைக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அடிக்கடி வரும். மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் கரண்ட் கொடுக்கும், அந்தக் கரண்டில் மோட்டார் ஓடும், மிச்சத்தில் வீட்டுக்கு லைட். பார்த்ததும் நாம் சிரித்துவிட்டு டெலீட் செய்கிறோம். அப்படி ஓயாமல் தானே ஓடும் எந்திரம் கிடையாது என்று நமக்குத் தெரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிர்ச்சக்தியையும் இதே கண்ணோடு பார்த்தார். உடம்புக்குள் ஒரு தனிச் சக்தி மற்ற விசைகளை நினைத்தபோது கட்டும், நினைத்தபோது அவிழ்க்கும், எதையும் செலவழிக்காமலே வேலை செய்யும் என்றால், ஒவ்வொரு மாடும் குதிரையும் மனுஷனும் ஓயாமல் ஓடும் எந்திரம் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தீனி எதற்கு, சாப்பாடு எதற்கு?

அதற்கு முன்பே பிரான்சில் சிலர் மிருகங்களைக் கலோரிமீட்டருக்குள் வைத்து அளந்திருந்தார்கள். மூச்சில் எரியும் கரியும் ஹைட்ரஜனும் தரவேண்டிய சூட்டைவிட மிருகம் வெளியிடும் சூடு கொஞ்சம் கூடுதலாக வந்தது. அந்தக் கூடுதல் உயிர்ச்சக்தியின் பங்கு என்று சொல்ல இடம் இருந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்தக் கணக்கு போட்ட முறையிலேயே பிழையைக் காட்டினார். கரியையும் ஹைட்ரஜனையும் தனித்தனியாக எரித்துக் கணக்கு பார்த்தால் போதாது, உணவு என்ற கூட்டுப்பொருள் எரியும்போது வரும் சூட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

1847 ஜூலை 23. பெர்லின் இயற்பியல் சங்கத்தில் 25 வயது ராணுவ டாக்டர் ஒருவர் கட்டுரை வாசிக்கிறார். விசையின் அழிவின்மை என்பது தலைப்பு. அன்று விசை என்று அவர் சொன்னதைத்தான் இன்று ஆற்றல் என்கிறோம். எந்திரம், வெப்பம், மின்சாரம், காந்தம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டி, கடைசியில் செடிகளையும் மிருகங்களையும் அதே கணக்குக்குள் கொண்டு வந்தார். எதுவும் புதிதாக உண்டாவதில்லை, எதுவும் காணாமல் போவதில்லை, உருவம்தான் மாறுகிறது. நம் ஃபர்ஸ்ட் லா.

கைதட்டல் கிடைத்ததா? முன்னணி பிசிக்ஸ் இதழின் ஆசிரியர் பொகெண்டார்ஃப், சோதனை இல்லாத வெறும் கோட்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் தனிப் புத்தகமாகத்தான் வெளிவந்தது. இதே உண்மையை அவருக்கு முன்பே தொட்ட ஒருவரும் இருந்தார். ராபர்ட் மேயர், அவரும் டாக்டர்தான். ஜாவாவுக்குப் போன கப்பலில் மருத்துவராக இருந்தபோது நோயாளிகளின் சிரை ரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து அங்கிருந்து யோசிக்கத் தொடங்கியவர். 1842-ல் எழுதிவிட்டார். அது ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு மேயருக்கு உரிய இடத்தை ஒப்புக்கொண்டார். பாருங்க, எந்திரத்துக்கான விதி என்று நாம் நினைப்பதை உடம்பைப் பார்த்து யோசித்த இரண்டு டாக்டர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எண்ணத்துக்கும் நேரம் ஆகும்

பாண்ட் முடியும் முன்பே, பெரிய அறிஞர் ஹம்போல்ட் பேசி 1848-ல் ராணுவத்திலிருந்து விடுவித்தார். 1849-ல் கோனிக்ஸ்பெர்கில் உடலியல் பேராசிரியர் வேலை. இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்று இருக்கும் ஊர் அது. அதே வருஷம் ஓல்காவோடு கல்யாணம்.

அங்கே அவர் செய்த சோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. நரம்பில் செய்தி போகும் வேகத்தை யாராலும் அளக்க முடியாது என்பது முல்லரின் கருத்து. கால் விரலில் குத்தினால் அந்த நொடியே வலிக்கிறது, இதில் அளக்க என்ன இருக்கிறது?

ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் தொடை நரம்பை அதன் கெண்டைக்கால் தசையோடு சேர்த்து எடுத்தார். நரம்பில் தூண்டல் கொடுக்கும் அதே கணத்தில் ஒரு கால்வனோமீட்டர் வழியாகக் கரண்ட் ஓடத் தொடங்கும். தசை சுருங்கி எடையைத் தூக்கும் கணத்தில் அந்தக் கரண்ட் அறுந்துவிடும். கரண்ட் எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு தூரம் ஊசி விலகும். ஊசியின் விலகலை அளந்தால் நேரம் தெரிந்துவிடும். முதலில் தசைக்குப் பக்கத்தில் தூண்டினார். பிறகு ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளித் தூண்டினார். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம் வந்தது. தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம். அளவுகளைக் குறித்துக்கொடுத்து உதவியவர் ஓல்கா.

விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர். மணிக்கு 97 கிலோமீட்டர். ஒளியின் வேகம் இல்லை, ஒலியின் வேகம்கூட இல்லை. நெடுஞ்சாலையில் போகும் காரின் வேகம்! ஒரு பெரிய திமிங்கிலத்தின் வாலில் குத்தினால் அதன் மூளைக்குச் செய்தி போய்ச் சேர ஒரு நொடி ஆகும் என்று அவரே ஒரு சொற்பொழிவில் விளக்கினார்.

1850-ல் இந்த முடிவு வெளிவந்தபோது பலரால் ஏற்க முடியவில்லை. அவருடைய அப்பாவாலேயே முடியவில்லை. நினைப்பதும் கை அசைவதும் ஒன்றாகவே நடக்கிறது என்று நம்பிய தத்துவக்காரர் அவர். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதை அளக்கலாம் என்று மகன் சொல்கிறார். சரியாகப் பார்த்தால் நாம் நம் உடம்பிலேயே எப்போதும் கொஞ்சம் லேட்டாகத்தான் இருக்கிறோம்.

மனம் பற்றிய ஆராய்ச்சிக்குக் கதவு திறந்தது இங்கேதான். பிற்காலத்தில் ஹைடல்பெர்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராக இருந்த வில்லெல்ம் வுண்ட், 1879-ல் லைப்சிக்கில் உளவியலுக்கு என்று ஆய்வகம் தொடங்கினார். எதிர்வினை நேரத்தை அளப்பது அங்கே முக்கிய வேலை. சபதம் எடுத்த ப்ரூக்கே வியன்னாவுக்குப் போனார். அவருடைய ஆய்வகத்தில் நரம்புகளைப் படித்த ஒரு இளைஞர் பின்னாளில் மனதையே ஆற்றலின் கணக்காக யோசித்தார். அவர் பெயர் சிக்மண்ட் ஃப்ராய்டு.

ஹெல்ம்ஹோல்ட்ஸும் நிற்கவில்லை. மூக்குக் கண்ணாடி லென்ஸ், மைக்ராஸ்கோப்புக்கான மெல்லிய கண்ணாடித் துண்டு, அட்டை, பசை ஆகியவற்றை வைத்து, உயிருள்ள கண்ணின் உட்பக்கத்தைப் பார்க்கும் கருவி செய்தார். 1850 டிசம்பரில் அறிவித்தார். இன்று கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறாரே, அந்தக் கருவியின் மூதாதை. கண் தருவது வெறும் குறிப்புகள்தான், அதிலிருந்து உலகத்தை ஊகித்துக் கட்டுவது நமக்கே தெரியாமல் நடக்கும் மனதின் வேலை என்றார். குருவிடமிருந்து எல்லாவற்றையும் தூக்கிப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய உணர்வை மட்டுமே தரும் என்ற முல்லரின் கருத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல்தான் நிறப் பார்வைக் கோட்பாட்டைக் கட்டினார்.

மிச்சம் இருக்கும் கேள்வி

1859 அவருக்குக் கொடுமையான வருஷம். அப்பா இறந்தார். டிசம்பர் கடைசியில், பல வருஷமாக நோயில் இருந்த ஓல்காவும் இறந்தார். உயிர்ச்சக்தி என்று ஒன்று இல்லை என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நின்றார். கணக்கு தெரிந்திருப்பது துக்கத்தைக் குறைக்காது. 1861-ல் ஆனாவை மணந்தார். 1871-ல் பெர்லினில் பிசிக்ஸ் பேராசிரியர் ஆனார். பதினேழு வயதில் கிடைக்காத டிபார்ட்மென்ட் ஐம்பது வயதில் கிடைத்தது! ரேடியோ அலைகளை நிரூபித்த ஹெர்ட்ஸ் அங்கே அவருடைய மாணவர். நம் சிலபஸில் இருக்கும் ஃப்ரீ எனர்ஜி 1882-ல் வந்தது. 1894 செப்டம்பர் 8 அன்று இறந்தார்.

அதே 1894-ல் மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மன் அறிஞர் ஒரு முடிவை வெளியிட்டார். நாயைக் கலோரிமீட்டரில் வைத்துப் பல நாள் அளந்ததில், அது வெளியிட்ட சூடும் அது செரித்த உணவு தரவேண்டிய சூடும் சராசரியாக ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லாமல் பொருந்தின. உயிர்ச்சக்திக்கு என்று கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை.

அதோடு எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. ஹான்ஸ் டிரீஷ் என்பவர் 1891-ல் இரண்டு செல்களாகப் பிரிந்திருந்த கடல் முள்ளெலிக் கருவைக் குலுக்கிப் பிரித்தார். இரண்டு பாதிகள் வரவில்லை, இரண்டு முழு உயிர்கள் வளர்ந்தன. எந்த எந்திரம் இப்படிச் செய்யும் என்று கேட்டு அவர் திரும்ப உயிர்ச்சக்தியின் பக்கமே போனார். ஆனால் அவரும்கூடத் தன் கொள்கை ஆற்றல் அழிவின்மை விதியை மீறவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்க்கட்சியும் அந்தக் கணக்குக்குள் நின்றுதான் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், சபதம் எடுத்த டு புவா-ரேமோனே 1872-ல், பருப்பொருளிலிருந்து உணர்வு எப்படி வருகிறது என்பதை நாம் ஒருநாளும் அறியப்போவதில்லை என்று அறிவித்தார். உடம்பின் கணக்கு நேராகிவிட்டது, மனதின் கணக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

படிச்சதோட விட்டுடாதீங்க, ஒரு சோதனை செய்து பாருங்க. ஹாஸ்டல் வராண்டாவில் 20 பேர் வரிசையாக உட்காருங்க. ஒருத்தர் கை முன்னால் இருப்பவரின் தோளில். கண்ணை மூடிக்கொண்டு, தன் தோளில் அழுத்தம் பட்டதும் அடுத்தவர் தோளை அழுத்த வேண்டும். மொபைல் ஸ்டாப்வாட்சில் மொத்த நேரத்தைக் குறியுங்க. பிறகு அதையே தோளுக்குப் பதில் கணுக்காலில் செய்யுங்க. கணுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். ஒருவரின் கணுக்காலிலிருந்து மூளை வரைக்கும் உள்ள தூரத்தில் தோளிலிருந்து மூளை வரைக்கும் உள்ள தூரத்தைக் கழித்து, 20-ஆல் பெருக்கி, நேர வித்தியாசத்தால் வகுத்தால் உங்கள் நரம்பின் வேகம். எங்களுக்கு முதல் தடவை மைனஸில் வந்தது, யாரோ முந்திக்கொண்டார்கள். பத்துத் தடவை செய்து சராசரி எடுத்த பிறகு நொடிக்கு 40, 50 மீட்டர் என்ற வாக்கில் வந்து நின்றது.

ஆச்சியின் கையில் இருந்த சூட்டைப் பற்றி இப்போது எனக்கு ஒரு பதில் தெரியும். முந்தின நாள் குடித்த கஞ்சி அது. தசையில் எரிந்து, கைக்கு வந்து, கடைசியில் அந்த அறையின் காற்றிலும் பிடித்திருந்த என் கையிலும் கலந்துவிட்டது. எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த ஆச்சி எந்தக் கணக்கில் வருவாங்க என்று ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொல்லவில்லை. ஊரில் இப்போதும் உயிர் போயிடுச்சு என்றுதான் சொல்கிறோம். நானும் அப்படியேதான் சொல்கிறேன்.